உடல் ஓர் அமானிதம்: முதுகு வலியும் மயக்க மாத்திரைகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

வழக்கமாக இக்கூட்டத்தில் நாம் ஜகாத்தைப் பற்றியோ, பிள்ளைகளின் மார்க்கக் கல்வியைப் பற்றியோ பேசுவது உண்டு. இவ்வாண்டு முதுகு வலியைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் சிலர் புன்னகைக்கின்றீர்கள். மருத்துவர் பேச வேண்டியதை இமாம் பேசுவானேன் என்று நினைப்பதும் இயல்பே. ஆயினும் பள்ளியின் பின் வரிசையைத் திரும்பிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. இன்று ஜும்ஆவிற்கு ஒரு வரிசை முழுவதும் நாற்காலிகளாக இருக்கின்றது. அவற்றில் அமர்ந்து தொழுவோர் அனைவரும் முதியவர்களும் அல்லர். முப்பது, நாற்பது வயதினரும் அங்கே இருக்கின்றனர். இது நம் ஜமாஅத்தின் விஷயம் அன்றோ?

இமாமின் வாக்குமூலம்

பிறரைப் பற்றிப் பேசுமுன் நம்மைப் பற்றிச் சொல்லிவிடுவது நேர்மையாகும். இதனை உங்கள் முன் சொல்வதா, மறைப்பதா என்று பல நாள் தயங்கினோம். மறைத்தால் தீமை தொடரும் என்பதனால் சொல்கின்றோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ரஜப் மாதத்தில், பள்ளியின் பழைய விரிப்புகளைச் சுருட்டித் தூக்கியபோது நம் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுத்தோம். வலி குறையவில்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தரையில் அமர்ந்தால் எழுந்திருக்க இயலவில்லை. ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது. தராவீஹ் தொழவைக்க வேண்டுமே என்ற கவலையில், மருத்துவரிடம் செல்லாமல், வெளியூரில் ஒரு மருந்துக் கடையில் வலியைச் சொல்லி மாத்திரை கேட்டோம். ‘இது நல்லா கேக்கும் ஹஜ்ரத்’ என்று ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். சீட்டு எதுவும் கேட்கவில்லை.

உண்மையில் அது நன்றாகவே கேட்டது. அரை மணி நேரத்தில் வலி மறைந்தது. மனதிலும் ஓர் இதம் பரவியது. நாள் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கியது, ஷஅபான் முடிவதற்குள் நான்காயிற்று. அது என்ன வகை மருந்து என்று அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்க்கவும் நமக்குத் தோன்றவில்லை. கிதாபுகளை வரி வரியாகப் படிக்கின்ற நாம், வாயில் போடுவதைப் படிக்கவில்லை.

நோன்பு வந்தது. ஸஹரில் ஒன்று, இஃப்தாருக்குப் பின் மற்றவை என்று வைத்துக்கொண்டோம். அஸர் நெருங்கும்போது கொட்டாவி கொட்டாவியாக வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வியர்க்கும், கால்கள் ஓரிடத்தில் நில்லாமல் பதறும். நோன்பின் களைப்பு என்றே எண்ணினோம். ஒரு மாலை மஃரிபில் ரக்அத்தின் கணக்குத் தவறியது. பின்னிருந்து ‘சுப்ஹானல்லாஹ்’ என்று உணர்த்தினார்கள். தொழுகை முடிந்ததும் நம் மோதினார் அருகில் வந்து, ‘ஹஜ்ரத், உங்க கண்ணே சரியில்லையே. என்ன சாப்பிடுறீங்க?’ என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விக்காக அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

மறுநாள் அட்டையுடன் மருத்துவரைச் சந்தித்தோம். அவர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னது நம்மை உலுக்கியது. அது டேப்பன்டடால் என்னும் மருந்து. அபின் எவ்விதம் மூளையில் வேலை செய்கின்றதோ அவ்விதமே வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. அஸர் நேரத்துப் பதற்றம் நோன்பினால் அன்று, உடல் அம்மருந்தைக் கேட்பதனால் உண்டானது என்றார். மிம்பரில் நின்று மதுவைக் கண்டித்துப் பேசிய நாவுடன், அதனை அறியாமல் நாம் வேறொன்றிற்கு அடிமையாகிக் கொண்டிருந்தோம்.

திடீரென நிறுத்தக் கூடாது என்று கண்டித்துச் சொன்ன மருத்துவர், ஆறு வார காலத்தில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். அவருடைய அறிவுரைப்படி அவ்வாண்டு ஒன்பது நோன்புகளை விட்டுப் பின்னர் களாச் செய்தோம். எஞ்சிய தராவீஹை இளம் ஹாஃபிழ் ஒருவர் தொழவைத்தார். ஹஜ்ரத்துக்கு உடல் நலமில்லை என்று மட்டுமே உங்களுக்கு அன்று சொல்லப்பட்டது. அதன் முழு விவரம் இதுவே.

அபின் என்னும் பழைய விருந்தாளி

அருமைச் சகோதரர்களே! கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது மார்ஃபின். அதனைப் போன்றே மூளையில் செயல்படும் வண்ணம் தொழிற்சாலையில் செய்யப்படுபவை டிரமடால், டேப்பன்டடால் முதலியன. இவற்றை ஓபியாய்டு வகை என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர்.

நம் முன்னோர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், கி.பி. 1025 அளவில், இப்னு ஸீனா அவர்கள் நிறைவு செய்த ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூல் அபினை மரத்துப்போகச் செய்யும் மருந்துகளின் வரிசையில் வைக்கின்றது. அதே நூலில் வலியைத் தணிக்கும் வேறு வழிகளையும் அவர் எழுதியுள்ளார். நெடு நேரம் மெதுவாக நடப்பதும், மனதை ஈர்க்கும் ஒரு வேலையில் ஈடுபடுவதும் அவற்றுள் அடங்கும். அவர் காலத்து அறிஞரான அல்பீரூனி அவர்கள், தினந்தோறும் அபின் உண்பவர்கள் சிறிய அளவில் தொடங்கி, உயிரைப் பறிக்கும் அளவு வரை கூட்டிக்கொண்டே செல்வதைத் தம் மருந்தியல் நூலில் பதிவு செய்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் கண்டதைத்தான் நாம் நம் வீட்டில் கண்டோம்.

இவ்வகை மருந்து வலியின் காரணத்தைத் தொடுவதில்லை. வலிக்கிறது என்ற செய்தி மூளையில் உணரப்படுவதை மட்டும் மங்கச் செய்கின்றது. நாட்கள் செல்லச் செல்ல உடல் அதற்குப் பழகிவிடும், அதே அளவில் வலி அடங்காது, அளவு கூடும். நெடுங்காலம் உண்டவர்களுக்குச் சிறிய வலியும் பெரிதாக உணரப்படும் நிலை உண்டாவதும் உண்டு. மலச்சிக்கல், தலைசுற்றல், தூக்க மயக்கம் ஆகியன உடன் வருவன. டிரமடால் சிலருக்கு வலிப்பை உண்டாக்கும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும் அபாயம் உண்டு.

அமெரிக்க நாட்டில் 1996ஆம் ஆண்டு ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று கூறி, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் தாராளமாக எழுதிக்கொடுக்கப்பட்டது. அவ்விதம் தவறாகச் சொல்லி விற்றதை 2007இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராக மக்கள் அடிமையாகியிருந்தனர். அளவு மீறி மாண்டவர்கள் பல இலட்சம் பேர்.

அது அமெரிக்கா, இது அச்சன்புதூர் என்று இருந்துவிட இயலாது. நம் நாட்டில் டிரமடால் 2018ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. டேப்பன்டடாலுடன் தசையைத் தளர்த்தும் கரிசோப்ரடால் என்ற மருந்தைக் கலந்த மாத்திரைகள் நம் நாட்டில் செய்யப்பட்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் போதைக்கு விற்கப்படுவது வெளிவந்ததும், 2025 பிப்ரவரியில் அக்கலவைக்கான அனுமதியை இந்திய அரசு இரத்துச் செய்தது. தமிழகத்தில் இளைஞர்களிடமிருந்து ‘வலி நிவாரணி மாத்திரைகள் பறிமுதல்’ என்ற செய்தியை நாளேட்டில் நீங்களே படிக்கின்றீர்கள். அந்த மாத்திரைகள் பெரும்பாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

சுளகும் முதுகும்

நம் பகுதியில் முதுகு வலி எங்கிருந்து வருகின்றது? பீடித் தொழிலைச் சொல்லாமல் அதற்கு விடை சொல்ல இயலாது. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் பீடி சுற்றும் கூலியில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! தாய்மார்கள் சுளகை மடியில் வைத்து, தலையைக் கவிழ்த்து, முதுகை வளைத்துக் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கை நிறைய வேண்டுமாயின் எழுந்திருக்கலாகாது. எழுந்திராவிடில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பெண்களுக்கான பயான் ஒன்றில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்டார்: ‘ஹஜ்ரத், நான் உக்காந்துதான் தொழுறேன். எனக்குப் பாதிக் கூலிதானா?’ நாம் விவரம் கேட்டோம். ஆயிரம் பீடி முடிவதற்காகக் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக வலி மாத்திரை உண்பதாகச் சொன்னார். எத்தனை ஆண்டுகளாக என்றோம். மூத்த மகளின் நிக்காஹ் முதல் என்றார். வலி வந்தால் எழுந்து நடக்க வேண்டும் என்று உடல் சொல்கின்றது. எழாமல் இருப்பதற்காக மாத்திரை உண்கின்றோம். உட்கார்ந்தே இருப்பதனால் வலி வளர்கின்றது. அதற்காக மறுபடியும் மாத்திரை. இந்தச் சுற்று எங்கே முடியும்?

அந்தத் தாய் உண்டது ஓபியாய்டு அன்று. டைக்ளோஃபினாக் என்னும் சாதாரண வலி மாத்திரை. அது போதை தருவதில்லை. மருத்துவர் சொல்லும் அளவில் சில நாட்கள் உண்பதற்கு அது பயன்படும். ஆனால் ஆண்டுக் கணக்கில் உண்டால் இரைப்பையில் புண் உண்டாகும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை அழித்ததனால், கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை 2006ஆம் ஆண்டிலேயே அரசு தடை செய்தது. கழுகுக்கு ஏற்பட்டது மனிதருக்கும் அப்படியே ஏற்படும் என்று நாம் சொல்லவில்லை. கைக்கு எட்டும் மாத்திரை என்பதனால் அது தண்ணீர் போன்றது அன்று என்பதற்காகச் சொல்கின்றோம்.

இன்னொரு சம்பவம். கேரளாவில் கட்டட வேலைக்குச் சென்று திரும்பிய ஓர் இளைஞரை அவருடைய தாயார் நம்மிடம் அழைத்து வந்தார். ‘புள்ள சோர்ந்தே கெடக்கான் ஹஜ்ரத், கண்ணேறு பட்டிருக்கும். தண்ணி ஓதிக் குடுங்க’ என்றார். இளைஞரின் கண்ணில் நீர், விடாத கொட்டாவி, நில்லாத கால்கள். இவற்றை நாம் நன்றாக அறிவோம் அல்லவா? ஓதிக் கொடுத்தோம். தாயாரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, ‘மாத்திரை எத்தனை தம்பி?’ என்று மட்டும் கேட்டோம். அவர் அழுதுவிட்டார். மூட்டை சுமந்ததில் வந்த இடுப்பு வலிக்காக உடன் வேலை செய்தவர் கொடுத்த மாத்திரை அது. வலி போன பின்னும் மாத்திரை போகவில்லை. இன்று அவர் மருத்துவரின் பொறுப்பில் நலம் பெற்று வருகின்றார், அல்ஹம்துலில்லாஹ். அன்று நாமும் தண்ணீரை மட்டும் ஓதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? நமக்கே அவ்வனுபவம் இல்லாதிருந்தால் அப்படித்தான் செய்திருப்போம். இவ்விஷயத்தை இன்று பேசத் துணிந்ததற்குக் காரணம் அந்த இளைஞர்தான்.

மார்க்கம் காட்டும் எல்லை

உடல் நம் சொந்தம் அன்று. அல்லாஹ் தந்த அமானிதம். உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற பொருளில் நபிகளார் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும் நமக்கு ஏவினார்கள். ஆகவே வலியைப் பொறுத்துக்கொண்டு வைத்தியம் பாராமல் இருப்பது தக்வா ஆகாது.

போதை தரும் ஒவ்வொன்றையும், உடலைத் தளரச் செய்து மயக்குவதையும் நபிகளார் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. இதனால் இம்மருந்துகள் எந்நிலையிலும் ஹராம் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், எலும்பு முறிந்த வேதனையிலும், புற்றுநோயின் இறுதிக் கட்டத்திலும் மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஒரு ரஹ்மத்தே ஆகும். நிர்ப்பந்தம் உள்ள இடத்தில் தேவையான அளவு ஆகுமாகின்றது என்பது ஃபிக்ஹின் விதி. மலைக்கு அப்பால் கேரளாவின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவமனை, ஏழைப் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபினை முறையாகக் கொடுத்து உலகுக்கே முன்மாதிரி ஆயிற்று. அத்தகைய நோயாளி நம் வீட்டில் இருந்தால், இன்றைய பேச்சைக் காரணம் காட்டி அவருடைய மருந்தை யாரும் தடுத்துவிடாதீர்கள். அது பாவமாகிவிடும்.

நாம் எச்சரிப்பது ஆண்டுக் கணக்கில் நீளும் சாதாரண முதுகு வலிக்கு இம்மருந்தை நம்புவதைத்தான். அங்கே நிர்ப்பந்தம் என்ற வாதமே நிற்காது. ஏனெனில் அது அவ்வலிக்குச் சாதாரண மருந்துகளைவிட அதிகப் பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 240 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு உண்டவர்கள் வலியில் சாதாரண மருந்து உண்டவர்களைவிட நலம் பெறவில்லை. பக்க விளைவுகள்தாம் அதிகம். ஆஸ்திரேலியாவில் புதிதாக வலி வந்த 347 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் வலியில் வேறுபாடு தெரியவில்லை. அதே 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நாட்பட்ட இடுப்பு வலிக்கு ஓபியாய்டுகளைக் கொடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. பெல்ட் கட்டுவதையும், எடை கட்டி இழுப்பதையும் கூட அது பரிந்துரைக்கவில்லை.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது?

முதலாவதாக, அச்சத்தைக் களைய வேண்டும். 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவோ கட்டியோ இல்லை. ஸ்கேனில் ‘டிஸ்க் பிதுங்கியுள்ளது’ என்று கண்டவுடன் வாழ்க்கை முடிந்ததாக எண்ணுகின்றோம். முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அத்தகைய பிதுக்கம் இருந்தது. தலைமுடி நரைப்பது போன்று வயதோடு வரும் மாற்றங்களும் அவற்றில் உண்டு.

எனினும் சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைத்துக்கொள்ளுதல், தொடையிடுக்கில் உணர்வு மரத்தல், கால் வலுவிழத்தல், விழுந்து அடிபட்ட பின் வரும் கடும் வலி, காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் சேர்ந்த வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய வலி ஆகியவை அவை. முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதன்று என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாவதாக, படுக்கையை விட்டு எழ வேண்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, இயன்றவரை அன்றாட வேலையைச் செய்தவர்களே விரைவில் தேறினர். நாம் இரண்டு நாள் படுத்தது ஓய்வு என்று எண்ணினோம். அது இடுப்பை மேலும் இறுக்கியது.

மூன்றாவதாக, நடை. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு உண்டு. படிப்படியாகக் கூட்டி வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடக்கப் பழகியவர்களில் நடுவிலுள்ள ஒருவருக்கு வலி திரும்ப 208 நாட்கள் ஆயின. நடைப் பயிற்சி பெறாதவர்களுக்கு 112 நாட்கள். இதற்குச் செலவு ஒரு ஜோடி செருப்புதான். நமக்கு ஃபஜ்ருக்குப் பின் மேக்கரைச் சாலையில், மலையைப் பார்த்துக்கொண்டு, வயல் காற்றில் நடப்பதைவிட இனிய மருந்து இல்லை. முதல் வாரத்தில் ஐந்து நிமிடமே நடக்க முடிந்தது. திக்ரு ஓதிக்கொண்டே நடந்தோம். வலியின் மீதிருந்த கவனம் திக்ரின் மீது சென்றது. இப்னு ஸீனா சொன்ன இரண்டு வழிகளும் ஒரே நடையில் அமைந்தன.

நான்காவதாக, உடலியக்க மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகள். வயிறு, இடுப்பு, தொடைத் தசைகளை வலுப்படுத்தும் அப்பயிற்சிகளைத் தினமும் பதினைந்து நிமிடம் செய்ய வேண்டும். முதல் நாட்களில் சற்று வலிக்கும். அவ்வலி தீங்கு அன்று. பணம் இல்லையே என்று சொல்ல வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதவர்களின் இல்லம் தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெறுங்கள்.

குற்றாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாரல் காலத்தில் அருவியில் நின்றால் இடுப்பு வலி போகும் என்று நம்மவர்கள் சொல்வர். குளிர்ந்த நீர் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்வதும், எண்ணெய் தேய்த்துத் தடவுவதனால் தசை இளகுவதும் உண்மை. ஆயினும் கால் மரத்துப்போகும் அளவு நரம்பு அழுந்தியவர்கள் உயரத்திலிருந்து விழும் நீரை முதுகில் வாங்குவதும், வழுக்கும் பாறையில் நிற்பதும் ஆபத்து. வழியில் விற்கும் பெயரில்லாப் பொடிகளையும் உருண்டைகளையும் நம்ப வேண்டாம். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

தொழுகையும் நாற்காலியும்

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகளார் அனுமதித்ததை புகாரி இமாம் பதிவு செய்துள்ளார். திரைக்கு அப்பாலிருந்து கேட்ட அந்தத் தாய்க்கு நம் மறுமொழி இதுதான்: இயலாமையால் அமர்ந்து தொழுபவருக்குக் கூலி குறைவதில்லை. நலமாக இருந்தபோது செய்த அமல் நோயாளிக்கும் எழுதப்படும் என்பதும் நபிமொழியின் கருத்தே. ஆகவே நின்று தொழ வேண்டும் என்பதற்காக மாத்திரை உண்ணாதீர்கள். தராவீஹுக்காக மாத்திரை உண்ட இமாம் சொல்கின்றோம். அல்லாஹ் நம்மிடம் கேட்காததை நாம் செய்தோம்.

அதேபோல், இயன்றவர் நாற்காலியைப் பழக்கமாக்கிக்கொள்வதும் கூடாது. சந்தேகம் உள்ளவர்கள் தனியே வந்து கேளுங்கள். அவரவர் நிலைக்கேற்பச் சொல்கின்றோம். தொழுகை உடற்பயிற்சி அன்று, இபாதத். எனினும் இபாதத்தில் அல்லாஹ் வைத்துள்ள பயன்களைப் பெறுவதில் தவறில்லை. பீடி சுற்றும் சகோதரிகளே! பாங்கு சொல்லக் கேட்டதும் சுளகை இறக்கி வையுங்கள். உளூச் செய்ய எழுந்து நடங்கள். தொழுத பின் வாசல் வரை இருமுறை நடந்துவிட்டு அமருங்கள். இரண்டு வக்துகளுக்கு நடுவிலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். சுவரில் சாய்ந்து, சுளகைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டால் கழுத்து கவிழாது. ஐம்பது பீடி குறையலாம். ஆனால் இரண்டு மாத்திரையும் குறையும்.

ஜமாஅத்திற்கு நம் வேண்டுகோள்

நிர்வாகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, ஆண்டுக்கு இருமுறையேனும் உடலியக்க மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். இரண்டு, வலி மருந்து எதுவாயினும் மருத்துவர் சீட்டின்றி வாங்குவதில்லை, பிறருக்குக் கொடுப்பதுமில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் உறுதி எடுக்க வேண்டும். மூன்று, மாத்திரைக்கு அடிமையானவரைப் பற்றித் தெரிய வந்தால் அதனைத் தெருப் பேச்சாக்கலாகாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பதை நினையுங்கள். 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். தினமும் உண்பவர்கள் இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மருத்துவரைக் கண்டு படிப்படியாகக் குறையுங்கள்.

நம் வலி முற்றிலும் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மழைக் காலத்தில், நெடும் பயணத்திற்குப் பின், இன்றும் தலை காட்டுகின்றது. வரும்போது நடக்கின்றோம், பயிற்சி செய்கின்றோம், இயலாத நாளில் அமர்ந்து தொழுகின்றோம். முன்பு அது நம்மை ஆண்டது. இப்போது வந்து போகும் விருந்தாளியாக இருக்கின்றது. அஸரில் கண்கள் தெளிவாக இருக்கின்றன. ரக்அத்தின் கணக்குத் தவறுவதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவாயாக. சுளகின் முன் வளைந்திருக்கும் எங்கள் தாய்மார்களின் முதுகை நிமிர்த்துவாயாக. எங்கள் இளைஞர்களைப் போதையிலிருந்து காப்பாயாக. நீ தந்த உடலைப் பழுதின்றிப் பேணி, உன்னிடம் திருப்பித் தரும் அமானிதக்காரர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.